ஒரே ஒரு ஸ்பீக்கர் போதுமா?

"சத்தம் வரதுடீ, சாகித்யம் வரலை."

மந்தைவெளியில் இருக்கும் எங்கள் தோழி ஒருத்தியின் பாட்டி சொன்ன இந்த ஒரு வாக்கியந்தான் இக்கட்டுரைக்குக் காரணம். பாட்டிக்கு எண்பது வயதைத் தாண்டிவிட்டது. பார்வை மங்கிவிட்டபடியால் படிக்க முடியாது. வானொலியும் பாட்டுந்தான் துணை. அவருடைய தலைமாட்டில் பல்லாண்டுகளாக இருந்த வானொலிப் பெட்டி ஒருநாள் கரகரத்து ஓய்ந்தது. உள்ளே ஸ்பீக்கரின் காகிதம் கிழிந்து போயிருந்தது. வீட்டார் தியாகராய நகருக்குப் போய், பெரியதும் சிறியதுமாக மூன்று ஸ்பீக்கர்கள் கொண்ட புதிய இசைப்பெட்டி ஒன்றை வாங்கி வந்தார்கள். முதல் பாட்டிலேயே ஜன்னல் கம்பி அதிர்ந்தது. அனைவருக்கும் மகிழ்ச்சி. பாட்டி மட்டும் இரண்டு நாள் பொறுத்திருந்து பார்த்துவிட்டு, மேலே கூறிய தீர்ப்பை வழங்கினார். செய்தி அறிக்கையில் ஊர்ப் பெயர்கள் புரியவில்லை. கீர்த்தனையில் சொற்கள் புரியவில்லை. நான்கு நாட்களில் அவர் பெட்டியைப் போடச் சொல்வதையே நிறுத்திவிட்டார்.

மூன்று ஸ்பீக்கரால் முடியாததை ஒரே ஒரு பழைய ஸ்பீக்கர் எப்படிச் செய்தது? அறிவியல் கண்காட்சிக்கு என்ன செய்வது என்று தவித்துக் கொண்டிருந்த எங்களுக்கு இது ஒரு நல்ல கேள்வியாகத் தோன்றியது.

ஸ்பீக்கரின் உடற்கூறு மிக எளியது. ஒரு நிலைக்காந்தம், அதன் இடைவெளியில் மெல்லிய கம்பிச் சுருள், சுருளோடு ஒட்டிய காகிதக் கூம்பு. பாட்டின் மின்னோட்டம் சுருளில் பாயும்போது சுருள் முன்னும் பின்னும் அசைகிறது. கூம்பு காற்றைத் தள்ளுகிறது. அமெரிக்காவில் ரைஸ், கெல்லாக் என்னும் இரு பொறியாளர்கள் 1925இல் இந்த வடிவத்தைச் செம்மையாக்கி வெளியிட்டனர். நூறாண்டுகள் ஆகியும் கைபேசி முதல் கலையரங்கம் வரை பெரும்பாலும் அதே ஏற்பாடுதான்.

சிக்கல் எங்கே என்றால், ஒலியின் அகலத்தில். நம் காது வினாடிக்கு 20 அதிர்வுகள் முதல் 20,000 அதிர்வுகள் வரை கேட்கும். காற்றில் ஒலி வினாடிக்குச் சுமார் 350 மீட்டர் செல்கிறது. ஆகவே 50 அதிர்வுள்ள கனத்த ஒலியின் ஓர் அலை 7 மீட்டர் நீளம், அதாவது மாநகரப் பேருந்தின் பாதிக்கு மேல்! 10,000 அதிர்வுள்ள கூரிய ஒலியின் அலையோ மூன்றரை சென்டிமீட்டர். முன்னதை எழுப்பக் கூம்பு பெரியதாக இருந்து, நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். பின்னதை எழுப்பக் கூம்பு சிறியதாக, இறகுபோல் லேசாக இருக்க வேண்டும். யானையும் தும்பியும் ஒரே உடம்பில் இருக்க வேண்டும் என்று கேட்பது போன்றது இது.

பொறியாளர்கள் இதற்குக் கண்ட வழி வேலைப் பங்கீடு. கனத்த ஒலிக்கு ஊஃபர், கூரிய ஒலிக்கு டுவீட்டர். எது யாருக்குப் போக வேண்டும் என்று பிரித்தனுப்புவது கிராஸோவர் எனப்படும் சுற்று. சுருளும் மின்தேக்கியுமாக அது வாயிற்காவலன் போல் நடுவில் நிற்கும். நல்ல வழிதான். ஆனால் அந்தப் பிரிவினை பெரும்பாலும் 2,000, 3,000 அதிர்வுகளை ஒட்டி நடக்கிறது. மனிதக் காது மிகக் கூர்மையாக இருப்பது அந்த இடத்தில்தான். மெய்யெழுத்துகள் வாழ்வதும் அங்கேதான். ஒரே சொல்லின் ஒரு பாதி கீழே உள்ள ஊஃபரிலிருந்தும் மறு பாதி மேலே உள்ள டுவீட்டரிலிருந்தும் வருகிறது. கைதேர்ந்தவர்கள் செய்த பெட்டியில் இந்தத் தையல் தெரியாது. மலிவான பெட்டியில் தெரியும்.

இப்படிப் பிரிக்காமல், எல்லாவற்றையும் ஒரே கூம்பிடம் ஒப்படைப்பதுதான் ஒற்றை ஸ்பீக்கர் முறை. கடைக்காரர்கள் ஃபுல்ரேஞ்ச் ஸ்பீக்கர் என்பார்கள். சுற்று இல்லை, தையலும் இல்லை. குரல் முழுவதும் ஒரே இடத்திலிருந்து, ஒரே சமயத்தில் புறப்பட்டு வருகிறது.

நம் நகரம் வானொலி கேட்கக் கற்றுக்கொண்டதே இத்தகைய ஒற்றைக் கூம்புகளின் வழியாகத்தான் எனலாம். 1924இல் சென்னை மாகாண வானொலிக் கழகம் தோன்றியது. அது மூடப்பட்ட பின் அதன் கருவிகளைப் பெற்ற மாநகராட்சி, 1930இல் ஒலிபரப்பைத் தொடங்கியது. வீட்டில் பெட்டி இல்லாதவர்களும் கேட்கட்டும் என்று கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகள் வைத்தார்கள். 1938இல் அகில இந்திய வானொலி நிலையம் வந்தது. பின்னர் வீடுகளில் வந்தமர்ந்த பிலிப்ஸ், மர்பி வால்வுப் பெட்டிகளிலும் பெரும்பாலும் ஒரே ஒரு ஸ்பீக்கர்தான். அவற்றின் சக்தி சில வாட் மாத்திரமே. ஆகவே கொஞ்சம் மின்சாரத்துக்கே உரக்கப் பேசும் லேசான காகிதக் கூம்பு தேவைப்பட்டது. பாட்டியின் பெட்டி அந்த வமிசத்தைச் சேர்ந்தது.

பழைய ஸ்பீக்கரைச் சரிசெய்ய முடியவில்லை. எனவே தோழியின் சித்தப்பாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவுக்குச் சென்றோம். மின்னணுப் பொருளுக்கு அதுதான் நம் ஊர்ச் சந்தை. நான்கு அங்குல, எட்டு ஓம் ஃபுல்ரேஞ்ச் ஸ்பீக்கர் ஒன்றும், உள்ளங்கை அளவு ஆம்ப்ளிஃபயர் பலகை ஒன்றும் வாங்கினோம். கடைக்காரர், "டுவீட்டர் வேண்டாமாம்மா?" என்று மூன்று முறை கேட்டார். வேண்டாம் என்றதும் எங்களைக் கொஞ்சம் இரக்கத்தோடு பார்த்தார்.

வீட்டுக்கு வந்து, ஸ்பீக்கரைக் கையில் வெறுமனே பிடித்துப் பாடவிட்டோம். தகர டப்பாவுக்குள் கொசு பாடுவது போலிருந்தது. எங்கள் முகம் வாடிவிட்டது. பிறகு ஓர் அட்டைப்பெட்டியில் வட்டமாக ஓட்டை வெட்டி, ஸ்பீக்கரை அதன்மேல் அழுத்தினோம். உடனே குரலுக்கு மார்பு வந்தது! காரணம் இதுதான்: கூம்பு முன்னால் காற்றைத் தள்ளும் அதே கணத்தில் பின்னால் இழுக்கிறது. கனத்த ஒலியின் நீண்ட அலைகள் விளிம்பைச் சுற்றி வந்து ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. நடுவே ஒரு தடுப்பு வைத்தால் அழிவு நிற்கிறது. பெட்டியின் முதல் வேலை அழகு சேர்ப்பதன்று. முன்னையும் பின்னையும் சந்திக்கவிடாமல் பிரிப்பதே. நீங்களும் செய்து பார்க்கலாம். பழைய ஸ்பீக்கர் ஒன்றும் செருப்புப் பெட்டி ஒன்றும் போதும்.

எந்தப் பெட்டி செய்வது என்று யோசித்தபோது சித்தப்பா, "பானை இருக்கிறதே!" என்றார். முன்பெல்லாம் தமிழ்நாட்டுத் தேநீர்க் கடைகளிலும் வீடுகளிலும் மண்பானையின் வாயில் ஸ்பீக்கரைப் பொருத்திப் பாட்டுப் போடுவார்களாம். பெற்றோரில் பலருக்கு நினைவிருக்கும். சிரிக்க வேண்டாம், பானை நல்ல பெட்டிதான். அதன் சுவர் கெட்டியானது, எளிதில் அதிராது. பொங்கலுக்கு வாங்கி மீதமிருந்த பானையில் கம்பி போக ஓட்டை போட முயன்றோம். முதல் பானை இரண்டாகப் பிளந்தது. இரண்டாவதற்கு ஓட்டை போடாமல், மிதிவண்டி டியூபை வட்டமாக வெட்டி விளிம்பில் வைத்து, அதன் அடியாகக் கம்பியை வெளியே எடுத்தோம். வெறும் பானை ஒரு குறிப்பிட்ட சுருதியில் மட்டும் "ஊம்" என்று கூடுதலாக முழங்கியது. தலையணைப் பஞ்சைத் தளர்வாக உள்ளே அடைத்தபின் அடங்கியது.

அக்காலத்தில் பானையை நிமிர்த்தியே வைப்பார்களாம். ஸ்பீக்கர் விட்டத்தைப் பார்க்கும். நாங்களும் அப்படியே வைத்தோம். குரல் மந்தமாக இருந்தது. ஒலியின் அலை கூம்பின் அகலத்தைவிடக் குறுகிவிட்டால், ஒலி நாற்புறமும் பரவாமல் கைவிளக்கின் ஒளிபோல நேரே செல்லத் தொடங்குகிறது. எட்டு அங்குலக் கூம்பில் 2,000 அதிர்வுக்கு அருகிலேயே இது ஆரம்பமாகும். நான்கு அங்குலத்தில் 4,000ஐத் தாண்டிய பிறகு. எனவே பிரிமனையின் மேல் பானையைச் சாய்த்து, பாட்டியின் நாற்காலியைப் பார்க்கும்படி வைத்தோம். மந்தம் போயிற்று. நாற்காலி இரண்டடி தள்ளிப் போனால் திரும்பவும் வந்துவிடும். ஒற்றை ஸ்பீக்கரின் முதல் குறையை இப்படித்தான் அறிந்தோம்: அது ஒருவருக்கு நன்றாகப் பாடும், அறை முழுவதற்கும் அல்ல.

அடுத்தது சோதனை. பட்டம், சட்டம், கட்டம், தட்டம் என்று முதல் எழுத்தில் மட்டும் மாறும் சொற்களாகத் தேர்ந்து, கைபேசியில் பதிவு செய்தோம். இச்சொற்களில் உயிரோசை எல்லாவற்றுக்கும் ஒன்றே. அது கனத்து, உரத்து ஒலிக்கும். வேற்றுமை முழுவதும் முதலில் ஒரு நொடிப்பொழுது வந்து போகும் மெய்யில் இருக்கிறது. அதுவோ உயர்ந்த அதிர்வில், மிக மெலிந்து ஒலிப்பது. முதுமையில் காது முதலில் இழப்பது இந்த உயர்ந்த அதிர்வுகளைத்தான். அதனால்தான் பெரியவர்கள், "கேட்கிறது, புரியவில்லை" என்கிறார்கள். நாம் இன்னும் உரக்கக் கத்துகிறோம், உயிரெழுத்துதான் உரக்கிறது!

புதிய பெட்டியில் பாட்டி பட்டத்தைக் கட்டம் என்றார், சட்டத்தைப் பட்டம் என்றார். பானையில் பெரும்பாலும் சரியாகச் சொன்னார். நாங்கள் துள்ளினோம். ஆனால் எங்கள் இயற்பியல் ஆசிரியை, "புதிய பெட்டியில் ஊஃபரைக் குறைத்துவிட்டுச் சோதித்தீர்களா?" என்று ஒரே கேள்வியில் எங்களைத் தரையில் இறக்கினார். சோதித்தோம். புதிய பெட்டியும் நன்றாகவே முன்னேறியது. பானையை எட்டவில்லை, ஆனால் முன்பிருந்ததற்கு எவ்வளவோ மேல். கனத்த ஒலி, தனக்கு மேலே உள்ள மெல்லிய ஒலிகளை மூடிவிடும் இயல்புடையது. அறை மூலையில் தரையோடு வைத்த ஊஃபர் இன்னும் மோசம். சுவர்கள் அதற்குத் துணை போகின்றன. ஆகையால் வெற்றியின் முழுப் பெருமையும் ஒற்றை ஸ்பீக்கருக்கு உரியதன்று. பாதி, ஊஃபர் இல்லாமையினால் வந்தது.

மற்றொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். உயர்ந்த அதிர்வுகளில் காகிதக் கூம்பு ஒரே தட்டாக அசைவதில்லை. ஓரம் ஒருபுறமும் நடு ஒருபுறமுமாக நெளிகிறது. ஃபுல்ரேஞ்ச் செய்பவர்கள் இதையே பயன்படுத்தி, நடுப்பகுதி மட்டும் டுவீட்டர் போல் அசையும்படி வடிவமைக்கிறார்கள். இங்கிலாந்துப் பொறியாளர் பால் வோய்ட் 1930களில் பெரிய கூம்பின் நடுவே சின்னக் கூம்பு ஒன்றையும் ஒட்டிவைத்தார். அவர் வழிவந்த லோதர் ஸ்பீக்கர்களுக்கு உலகெங்கும் பக்தர்கள் உண்டு. ஆனால் இந்த நெளிவு சில அதிர்வுகளை, குறிப்பாக மெய்யெழுத்துகளின் பகுதியை, உள்ளதைவிடத் தூக்கிக் காட்டிவிடுகிறது. எங்களில் வயலின் கற்பவள் பானையைக் கேட்டுவிட்டு, "என் வயலின் மூக்கால் பாடுகிறது" என்றாள். உண்மைதான். ஹை-ஃபை என்றால் உள்ளதை உள்ளபடி ஒலிப்பது. அந்த அளவுகோலில் இது பிழை. அதே பிழைதான் பாட்டியின் காதுக்கு மூக்குக்கண்ணாடி போல் உதவியிருக்கிறது.

மிகக் கடுமையான புகார் மிருதங்க வித்துவான் வீட்டுப் பெண்ணிடமிருந்து வந்தது. "வலந்தலை பேசுகிறது. தொப்பி எங்கே?" தொப்பியின் கும்காரம் உண்மையாகவே காணாமல் போயிருந்தது. கணக்கு இதோ. ஒரே அளவு உரப்புக்கு, அதிர்வு பாதியாகக் குறைந்தால் கூம்பு நான்கு மடங்கு அசைய வேண்டும். 200 அதிர்வுக்குக் கால் மில்லிமீட்டர் போதும் என்று வைத்துக்கொண்டால், 100க்கு ஒரு மில்லிமீட்டர், 50க்கு நான்கு, 25க்குப் பதினாறு! நான்கு அங்குலக் கூம்பு பாவம், எங்கே போகும்? ஓசையைக் கூட்டினால் வேறொரு தொல்லை. தொப்பிக்காக முன்னும் பின்னும் தாவும் அதே கூம்பின் மேல் உட்கார்ந்துகொண்டுதான் பாடகரின் குரலும் வருகிறது. ஊஞ்சலில் ஆடியபடி பாடுவது போல் குரல் கலங்கிவிடும். கிறிஸ்துமஸ் பாடகர் குழுவின் பதிவை ஒலிக்கவிட்டபோது இது நன்றாகத் தெரிந்தது. ஒருத்தி தனியே பாடும் அடிகள் தெளிவு. நாற்பது பேரும் கீபோர்டும் சேர்ந்ததும் குழம்பு.

தம்புரா மட்டும் எங்களை ஏமாற்றியது. ஆண்குரலுக்கு ஒரு கட்டைச் சுருதியில் கட்டிய தம்புராவின் மந்திர ஸட்ஜம் சுமார் 65 அதிர்வு. பானையால் அதை எழுப்பவே முடியாது. ஆயினும் ஸட்ஜம் கேட்டது! தம்புராவின் பாலமும் அதில் வைக்கும் ஜீவாவும் தந்திக்கு எண்ணற்ற மேற்சுரங்களைக் கொடுக்கின்றன. நம் மாநிலக் கல்லூரியில் படித்த சர் சி. வி. ராமன் 1921இல் தம்புரா, வீணையின் பாலங்களைப் பற்றி ஓர் ஆய்வுரையே எழுதினார். அதற்கு முந்திய ஆண்டில் மிருதங்கத்தைப் பற்றியும் எழுதியிருந்தார். மேற்சுரங்கள் ஒழுங்காக வந்தால், இல்லாத அடிச்சுரத்தை மூளை தானே நிரப்பிக்கொள்கிறது. கைபேசியின் பொட்டளவு ஸ்பீக்கரில் ஆண்குரல் ஆண்குரலாகவே கேட்பதும் இதனால்தான். தொப்பியின் அடி அப்படிப்பட்டதன்று. அதன் உயிர் கீழே இருக்கிறது. அடி போனால் அதுவும் போயிற்று.

கண்காட்சி நாளில் நாங்கள் செய்த தவறையும் சொல்லிவிடுகிறோம். கூடத்தில் கூட்டம் சேரச் சேர, ஓசையைக் கூட்டிக்கொண்டே போனோம். பானை ஒரு கட்டத்தில் படபடவென்று அடித்துக்கொண்டு ஊமையாயிற்று. சுருள் கருகிவிட்டது. சிஸ்டர் வந்து முகர்ந்து பார்த்து, "என்னம்மா, அடுப்பிலேயே வைத்துவிட்டீர்களா?" என்றார். மறுநாள் இன்னொரு ஸ்பீக்கர் வாங்க ரிச்சி தெருவுக்கு ஓட வேண்டியதாயிற்று.

கூடத்துக்கு ஒற்றைக் கூம்பு போதாது. பல கூம்புகளை அடுக்கினால்? அதற்கு விடை நம் ஆலயங்களிலேயே தொங்குகிறது. தூணில் செங்குத்தாக மாட்டியிருக்கும் ஒல்லியான நீண்ட பெட்டியைத் திருப்பலியின்போது பார்த்திருப்பீர்கள். அதற்குள் ஒரே மாதிரியான சிறு ஃபுல்ரேஞ்ச் ஸ்பீக்கர்கள் நான்கோ ஆறோ, ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். இப்படி அடுக்கினால் ஒலி பக்கவாட்டில் அகலமாகப் பரவும். மேலும் கீழும் குறைவாகச் செல்லும். 1896இல், ஒலிபெருக்கி பிறப்பதற்கு முன்பே கட்டி முடித்த சாந்தோம் பேராலயம் போன்ற உயர்ந்த கூரையுள்ள இடங்களில் எதிரொலி நெடுநேரம் நிற்கும். அங்கே கனத்த ஒலியைக் கொட்டினால் மறையுரை கடல் இரைச்சலாகிவிடும். கூரைக்குப் போகாமல் மக்களை நோக்கி, நடுக்குரலை மட்டும் தெளிவாக அனுப்புவதே வேண்டியது. ஒற்றைக் கூம்பின் குறை அங்கே குறையே இல்லை. ஆனால் அப்பெட்டியின் வழியாகப் பாடகர் குழுவைக் கேட்டால் மெலிந்து தெரிவதும் இதனாலேதான். குரல் கொடுப்பவர்களைக் கோபிக்க வேண்டாம்.

இதே அடுக்கும் கலையை வீட்டிசைக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்கப் பேராசிரியர் அமர் போஸ். அவருடைய தந்தை வங்காளத்துக்காரர். 1968இல் வெளிவந்த அவரது 901 என்ற பெட்டியில் ஊஃபரும் இல்லை, டுவீட்டரும் இல்லை. நான்கு அங்குல ஃபுல்ரேஞ்ச் ஸ்பீக்கர்கள் ஒன்பது. ஒன்று கேட்பவரைப் பார்க்கும். எட்டு பின்சுவரைப் பார்க்கும். இரு ஓரங்களிலும் குறைவதை ஈடுசெய்ய, ஒரு தனிக் கருவி அந்த ஒலிகளை முன்கூட்டியே உயர்த்தி அனுப்பும். ஒன்பது கூம்புகள் சேர்ந்து தள்ளுவதால் ஒவ்வொன்றும் அதிகம் அசைய வேண்டாம். ஆனால் மின்சக்தி நிறையக் குடிக்கும். எங்கள் தொப்பிப் பிரச்சினைக்கு விடை அதில் இருந்தது; ஒன்பது பானைக்கு இடம்தான் இல்லை.

கண்காட்சி முடிந்ததும் பானை மந்தைவெளிக்குத் திரும்பியது. புதிய பெட்டியையும் யாரும் அகற்றவில்லை. இரண்டும் பாட்டியின் எதிரே பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. நடுவில் சித்தப்பா ஒரு மாற்றுவிசை பொருத்திக் கொடுத்திருக்கிறார். செய்தியும் கீர்த்தனையும் பானையில். சென்ற மார்கழியில் ஒரு மாலை நாங்கள் போயிருந்தபோது கச்சேரிப் பதிவு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்த பாட்டி, பாடகர் நிறுத்தியதும் கையை உயர்த்தினார்.

"தனி ஆரம்பிச்சாச்சு. அந்தப் பெருசைப் போடுங்கோடீ."